பெட்டியில் இல்லாத காய்

கடந்த மழைக்காலத்தில் கள ஆய்வுக்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தேன். 2024 செப்டம்பரில் அவ்வூர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியின் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். படகுகள் நின்றுபோன நாள்களில் அவ்வீட்டுப் பேத்திக்கும் எனக்கும் பொழுதுபோக்கியது, நண்பரொருவர் கொடுத்தனுப்பிய கனத்த பெட்டி ஒன்று.

பலகை விளையாட்டு அது. தரையில் கோடு கிழித்துப் புளியங்கொட்டையைக் காயாக வைத்து ஆடும் தாயம் போன்றதன்று. இன்றைய பலகை விளையாட்டுகள் பலவும் கூட்டுநிதியில் பிறப்பவை. 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் வடிவமைப்பாளர் தம் திட்டத்தை முன்வைப்பார். ஆட்டம் அச்சாகும் முன்பே ஆடுவோர் பணம் கட்டிவிடுவர். பறக்கும் கப்பல்களில் ஏறித் தீவு தீவாகப் புதையல் தேடும் கற்பனைகளுக்கும் அவற்றுக்கான சிற்றுருவங்களுக்கும் இவ்வாறே பணம் சேர்கிறது. தீவு என்பது கண்டடையப்படக் காத்திருக்கும் இடம் என்பதே அவற்றின் எடுகோள்.

2015இல் நிதி திரட்டி 2017இல் வெளிவந்த ‘ஸ்பிரிட் ஐலண்ட்’ அந்த எடுகோளைத் தலைகீழாக்கியது. இதில் ஆடுவோர் தீவைக் காக்கும் ஆவிகள். தீவின் மக்களான டாஹன், மரக்காய்கள். வந்தேறிகளோ வெள்ளைப் பிளாஸ்டிக் உருவங்கள். ஓர் அட்டை ஒரு சுற்றில் நிலத்தைத் திறக்கும். அடுத்த சுற்றில் அதே அட்டை அங்கே ஊர் எழுப்பும். அதற்கடுத்த சுற்றில் அந்நிலத்தைப் பாழாக்கும்.

அந்தமான் வரலாறு பயில்பவனுக்கு இவ்வரிசை புதிதன்று. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அளந்து தொடங்கிய குடியிருப்பு நிலைக்கவில்லை. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு தண்டனைக் குடியேற்றம் வந்தது. 1859 மே மாதத்தில் பெரிய அந்தமானியர் வில்லும் அம்புமாக அபர்டீனில் எதிர்த்து நின்று தோற்றனர். அவர்களோடு வாழ்ந்துவிட்டுத் திரும்பிய துத்நாத் திவாரி என்னும் கைதி, தாக்குதலை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் சொல்லியிருந்தார். பெரிய அந்தமானியர் இன்று நூறு பேருக்கும் குறைவு. இவற்றையெல்லாம் பேத்திக்கு ஆர்வத்தோடு விளக்கினேன்.

கேட்டுக்கொண்டிருந்தவள் வெள்ளை உருவம் ஒன்றைக் கையிலெடுத்தாள். “அப்போ நாம இதா, அண்ணா?”

என்னிடம் விடை ஆயத்தமாக இருந்தது; சிக்கலே அதுதான். தொல்குடிகள் ஒருபுறம், குடியேறிகள் மறுபுறம் என்ற அவ்விடையின்மேல்தான் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நின்றது.

பாட்டி இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியது. அவ்வெண்ணில் ஒருவராக வந்து, 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்ட அனுப்பப்பட்டார். 2004 டிசம்பர் 26 அன்று அவர் கணவரைக் கடல் கொண்டது. அதன்பின் அவர் கச்சாலுக்குத் திரும்பவில்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: “எங்கள யாரு கேட்டாங்க தம்பி? கப்பல்ல ஏத்துனாங்க, எறங்குனோம்.” சற்றுப் பொறுத்து, “ஆனா அந்த மண்ணு அவங்களோடதுதான்” என்றார்.

பெட்டியைத் துழாவினோம். ஏற்றி இறக்கப்பட்டவருக்கு அதில் காய் இல்லை. கைதியாக வந்த துத்நாத் திவாரிக்கும் இல்லை. கட்டாயத்தால் வந்தவர் என்பதால் நிக்கோபாரியர் இழந்த காடு இழப்பில்லை என்றாகிவிடாது. பாட்டியே அதை மறுக்கவில்லை. ஆனால் அவரை அளவெடுக்க வந்தவரோடு ஒரே நிறத்தில் வார்ப்பதும் வரலாறாகாது. ஆட்டத்துக்கு இரண்டு நிறம் போதும். ஆய்வுக்குப் போதும் என்று நான் எப்படி நினைத்தேன்?

பேத்தி சமையலறையிலிருந்து இரண்டு புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து பலகையின் கரையோரம் வைத்தாள். அவற்றுக்கு விதி என்ன என்று கேட்டேன். “இன்னும் யோசிக்கல” என்றாள்.

மூன்றாம் இயலை நெறியாளரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். சமர்ப்பிக்கும் காலக்கெடு இன்னும் நான்கு மாதம். தாயகம் திரும்பியோர் குறித்தும், அவர்கள் குடியமர்த்தப்பட்ட மண்ணின் உரிமையாளர் குறித்தும் சேர்த்தே எழுதப்பட்ட ஆய்வுகளை அறிந்த நண்பர்கள் சுட்டினால் நன்றியுடையேன்.