பழைய அடுப்புக்குள் புது அடுப்பு

கேஸ் இல்லாத வீடு இப்போது எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில்கூட அபூர்வம்தான். ஆனால், விறகடுப்பை அடியோடு விட்டுவிட்ட வீடும் அபூர்வம். வெந்நீர் போட, மீன் குழம்பு வைக்க, விசேஷ நாளில் பெரிய பானை ஏற்ற, மாதக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்து கையைக் கடிக்கும்போது சமாளிக்க, பின்கட்டு அடுப்பைத்தான் தேடிப் போகிறோம். விறகுக்கும் பஞ்சமில்லை. சீமைக்கருவேலம் வேண்டாமென்றாலும் வளர்ந்து நிற்கிறது. சகோதரிகளே, விறகு சும்மா கிடைக்கிறது என்கிறோம். புகைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறோமா?

எங்கள் வீட்டில் அந்த விலையைக் கொடுத்தவர் என் மாமியார். வருஷக் கணக்காக இருமல். மழைக்காலம் வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். "வயசாச்சுல்ல" என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒருமுறை மூச்சுத் திணறல் அதிகமாகி டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "பாட்டி, சுருட்டு, பீடி பழக்கம் உண்டா?" என்பதுதான். அத்தைக்கு வந்ததே கோபம்! "வெத்திலைகூடப் போட்டதில்லை தம்பி, என்ன கேக்குறீக?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "அப்போ எத்தனை வருஷமா விறகடுப்பு?" என்று கேட்டார். வாக்கப்பட்டு வந்த நாள் முதல், ஐம்பது வருஷம்.

பீடி குடிக்காதவருக்கும் பீடி குடிப்பவருக்கு வரும் அதே மூச்சுக்குழல் அடைப்பு நோய், அடுப்புப் புகையால் வருமாம். 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் சேரும் புகையால் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கெட்டுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்க முடியாது, மேலும் கெடாமல் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே கேஸ்லயே சமைச்சிருவோம் அத்தை" என்றேன். "கேஸ்ல குழம்பு கொதிக்கும்த்தா, சுண்டாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுப்பை இடித்துவிடலாம் என்று என் கணவர் சொன்னபோது அவர் முகமே மாறிவிட்டது. அது என் மாமனார் தன் கையால் செங்கல் வைத்துக் கட்டிய கொடியடுப்பு. மாமனார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. "அதை இடிச்சா நான் அடுப்பங்கரைப் பக்கமே வரமாட்டேன்" என்றார் அத்தை. அதற்குமேல் யார் பேசுவது?

அப்புறம்தான் அடுப்பை இடிக்காமல், அதற்குள்ளேயே புகையில்லா அடுப்பு வைக்கலாம் என்று தெரிந்தது. கொடியடுப்பு உள்ளவர்களுக்கு இது சுலபம். விறகு வைக்கும் வாய் ஒன்று, அதன்மேல் ஒரு பானை, சுவாலை உள்வழியாய்ப் போய்ப் பக்கத்துப் பானையையும் சுட வைக்கும். அந்த இரண்டாவது குழியோடு நிற்கிற வழியை இன்னும் கொஞ்சம் நீட்டி, புகைக்குழாயில் சேர்த்துவிட்டால் போதும். வெளிச்சுவர் செங்கல் அப்படியே இருக்க, உள்ளே களிமண்ணும் உமியும் குழைத்து வாயைச் சின்னதாக்கினார் கொத்தனார். அடியில் இரும்புக் கம்பிச் சட்டம் வைத்தார். சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து ஏறும், விறகு நின்று எரியும். அடுப்பின் உயரம் மாறவில்லை. அத்தை வழக்கம்போல மணைக்கட்டையில் உட்கார்ந்தே சமைக்கலாம்.

ஆனால், குழாயைக் கூரை முகட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டார் கொத்தனார். ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பியதும் புகை முழுக்க வீட்டுக்குள் திரும்பியது. கடலோரத்தில் வாடையும் கச்சானும் மாறி மாறி அடிக்கும். இங்கே முகட்டுக்கு மேல் இரண்டடியாவது குழாய் போக வேண்டும், தலையில் தொப்பியும் வேண்டும். தகரக் குழாயை உப்புக்காற்று சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் சுடுமண் குழாய் வைத்து உயர்த்திக் கட்டச் செய்தோம். அதன்பின் தொந்தரவு இல்லை.

இது புதுச் சமாசாரம் அல்ல. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953-லேயே புகையில்லா அடுப்பைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1983-ல் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே ஆரம்பித்துக் கோடிக்கணக்கில் அடுப்புகள் போட்டுக் கொடுத்தது. 2002-ல் திட்டம் நின்றது. பிறகு ஒரிசா கிராமங்களில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களும் இப்படிப்பட்ட அடுப்புகளைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. அப்புறம் பழைய கதைதான். காரணம், குழாயைச் சுத்தம் செய்யவில்லை, உடைந்ததைப் பழுது பார்க்கவில்லை, அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வடிவமைத்த 'ஊர்ஜா' என்ற அடுப்பு 2006 வாக்கில் தமிழ்நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. பயிர்க்கழிவை இறுக்கிச் செய்த சின்னச் சின்ன வில்லைகள்தான் அதற்கு விறகு. உள்ளே குட்டி விசிறி, புகையும் குறைவு. லட்சக்கணக்கில் விற்றும், வில்லையின் விலை ஏற ஏற அதை விட்டவர்கள் அநேகம். அடுப்பு எவ்வளவு நல்லதானாலும், அதற்கு வேண்டிய விறகு நம் கைக்கு எட்ட வேண்டுமல்லவா? எங்களுக்கு எட்டுவது கருவேலங்கட்டை. அதனால் அதற்கேற்ற அடுப்பாகவே வைத்துக்கொண்டோம்.

வைக்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

1. பானையின் அடி குழியை முழுக்க மூட வேண்டும். நீங்கள் புழங்கும் பானையை வைத்தே குழியை அளவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது குழியில் பானை இல்லாதபோது மூடி போட்டு வையுங்கள்.

2. விறகைச் சன்னமாகப் பிளந்து, இரண்டு மூன்று மாதம் காய வைத்து எரியுங்கள். ஈர விறகு வைத்தால் எந்த அடுப்பும் புகையும்.

3. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறிய பின், குழாயின் கரியைத் தட்டி எடுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை ஆண்களுடையது!

4. கீற்றுக் கூரையாக இருந்தால் குழாயைக் கூரை வழியே விடாதீர்கள், தீப்பிடிக்கும். சுவர் வழியே வெளியே எடுத்து, கூரையை விட்டு நன்றாகத் தள்ளி உயர்த்துங்கள்.

5. ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டாம். அதன் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல்.

6. குழாய் இருக்கிறதே என்று ஜன்னலை அடைக்காதீர்கள். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அடுப்பருகே உட்கார வைக்காதீர்கள்.

மூன்று வருஷமாகிறது. சுவரில் புதிதாகக் கரி படியவில்லை, அத்தைக்குக் கண்ணில் நீர் வடிவது நின்றுவிட்டது. இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. மூச்சுக்கு இழுக்கும் மருந்து தினமும் உண்டு. காலைக் காப்பி, பால், சோறு எல்லாம் இப்போது கேஸில்தான், அவரே சம்மதித்துவிட்டார். மீன் குழம்புக்கு மட்டும் மாமனார் கட்டிய அடுப்பு. முழுக்கக் கேஸுக்கு மாற முடிந்தவர்கள் மாறிவிடுங்கள், அதைவிட நல்லது எதுவுமில்லை. முடியாதவர்கள் புகைக்கு ஒரு வழியாவது விடுங்கள். ஐம்பது வருஷம் கழித்து டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டில் அடுப்பங்கரையில் இருப்பவர் மட்டும் இருமுகிறார் என்றால், வயசு என்று தள்ளாமல் அண்ணாந்து சுவரைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் கரி அவர் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும்.