ஆரல்வாய்மொழிச் சுவர்

தோவாளையிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். இன்று காற்றாலைகள் நிற்கும் இந்தக் கணவாய்தான் திருவிதாங்கூர் என்ற சின்ன நாட்டின் கிழக்கு வாசல். குறுக்கே கோட்டைச் சுவர் இருந்தது.

சின்ன நாடு தன்னை எப்படிக் காத்துக்கொள்ளும்? திருவிதாங்கூர் எழுபது வருஷத்துக்குள் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டது.

முதல் வழி, எதிரியிடமே கற்றுக்கொள்வது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டி லனாயைக் கொண்டே தன் படையைப் பழக்கினார். ஐரோப்பிய முறைப் பயிற்சி, பீரங்கி, வடக்கே நெடுங்கோட்டை. ஆரல்வாய்மொழி அரணும் பலமானது. டி லனாய் 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார்.

1789 டிசம்பரில் திப்பு நெடுங்கோட்டையைத் தாக்கினார். முதல் முறை தடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் சுவர் உடைந்தது. கம்பெனி மைசூர்மேல் போர் தொடுத்ததால்தான் திப்பு திரும்பிப் போனார். அந்தப் பயத்தில் வந்தது இரண்டாவது வழி: 1795 ஒப்பந்தம். காவல் கம்பெனியுடையது, செலவு நம்முடையது. கம்பெனியைக் கேட்காமல் வேறு ஐரோப்பியரோடு உறவும் கூடாது.

1799இல் திப்பு இறந்துவிட்டார். பயந்த ஆளே போன பிறகு பில் குறையணும்தானே? ஏறியது. 1804இல் படிக்காசை வெட்டப் போய் சொந்தப் படையே கலகம் செய்தது. தளவாய் வேலுத்தம்பி கம்பெனியின் உதவியோடு அதை அடக்கினார். அடுத்த வருஷமே புது ஒப்பந்தம், ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் ரூபாய். உள்நாட்டு நிர்வாகத்திலும் கம்பெனி தலையிடலாம். எங்கள் மென்பொருள் தொழிலில் இதை 'வெண்டார் லாக்-இன்' என்போம்: விட்டு வெளியே வரும் செலவு, உள்ளே போன செலவைவிடப் பல மடங்கு.

மூன்றாவது வழி, எதிர்த்து நிற்பது. பாக்கி கேட்டு நெருக்கிய கம்பெனிமேல், அதே வேலுத்தம்பி 1808 கடைசியில் போருக்கு எழுந்தார். 1809 பிப்ரவரி 10 விடியலில் ஆரல்வாய்மொழி விழுந்தது. மேஜர் வெல்ஷின் ஆட்கள் ராத்திரியே தெற்கு மலையில் ஏறியிருந்தார்கள். அத்தனை வருஷம் நாம் பணம் கட்டிய கம்பெனியின் படைதான் அது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். திருவிதாங்கூர் படை கலைக்கப்பட்டது.

குளச்சல் வெற்றியையும் வேலுத்தம்பியின் வீரத்தையும் நம்மூரில் எல்லாரும் சொல்வார்கள். நடுவில் இருக்கும் 1795ஐயும் 1805ஐயும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த இரண்டு காகிதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. எதிரி யார் என்று முடிவு செய்யும் உரிமை அங்கேதான் கைமாறியது. சுவர் விழுந்தது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான்.