தேய்த்த கண்ணாடியும் உருப்பெருக்கியும்

கழுவி உலர்த்திய நெகற்றிவை யன்னலொளியிற் பிடித்துப் பார்த்தபோது பெரியம்மாவின் காதுத் தோட்டின் கற்கள் ஒவ்வொன்றும் எண்ணத்தக்க தெளிவுடன் இருந்தன. கண்கள் இரண்டும் மங்கியிருந்தன. எண்பத்தெட்டு வயது மூதாட்டியை ஒரு காலைப்பொழுது முழுவதும் விறாந்தையில் இருத்தி எடுத்த இரு படங்களுள் ஒன்று அவர் அசைந்தமையாற் கெட்டது. அதற்கு எவரையும் நோவதற்கில்லை. மற்றையது கெட்டமைக்குப் படம்பிடித்தவரின் கண்ணே காரணம்.

அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். மாமனார் நடத்தி மூடிய ஸ்ரூடியோவிலிருந்து அவருக்குக் கிடைத்தது அரைத்தட்டு அளவுள்ள ஒரு மரக் கமெரா. நான்கே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் என்ற அவ்வளவிற் படத்தாள் இன்று எளிதிற் கிடைப்பதில்லை. ஆதலின் மருத்துவர்கள் பயன்படுத்தும் எக்ஸ்றே படத்தாளைச் சிவப்பொளியில் வெட்டிப் பொருத்திக்கொள்வார். செலவு அதிகமில்லை. ஆனால் பெரியம்மாவை மீண்டும் விறாந்தைக்கு அழைத்துவந்து இருத்துவது செலவுக் கணக்கில் அடங்குவதன்று.

இவ்வகைக் கமெராவிற் படமெடுப்பவர் காண்பது, பின்புறத்துக் கண்ணாடியில் வில்லை நேரே வீழ்த்தும் விம்பத்தையேயாம். அக்கண்ணாடியின் உட்பக்கம் தூளிட்டுத் தேய்த்து மங்கலாக்கப்பட்டிருக்கும். விம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும். தலைகீழாகக் காண்பதற்குக் கண் சில நாட்களிற் பழகிவிடும். மங்கலுக்கு அது பழகுவதில்லை. எட்டங்குலக் குவியத்தூரமுள்ள வில்லையை முழுத் துவாரத்தில் வைத்து, ஐந்தடித் தூரத்திலுள்ள முகத்தைப் பிடித்தால், கூர்மை நிலவும் ஆழம் இரண்டு மூன்று அங்குலத்தை விஞ்சாது. கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட தூரம் அதனினும் பெரிது. விறாந்தையின் நிழலொளியோ துவாரத்தைச் சுருக்க இடந்தரவில்லை.

தெளிவுப் பார்வைக்குரிய இழிவுத்தூரம் 25 சதமமீற்றர் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவர் அவர். அஃது இளங்கண்ணுக்குரிய கணக்கு. அறுபதை அண்டிய கண்ணுக்கு அத்தூரம் ஏறத்தாழ ஒரு மீற்றருக்குப் பின்வாங்கிவிடுகிறது. கருந்துணிக்குள் தலையை நுழைத்தபின் ஒரு மீற்றர் பின்வாங்க எவராலும் இயலாது.

இதற்கெனவே செய்யப்பட்ட உருப்பெருக்கிகள் உண்டு. ஷ்னைடர், ரோடன்ஸ்ரொக் முதலிய ஜேர்மன் நிறுவனங்களின் பெயர் தாங்கியவை ஓய்வூதியக்காரரின் கைக்கு எட்டுவன அல்ல. எனவே அவர் இரவல் வாங்கத் தொடங்கினார்.

முதலில் வந்தது நகைத்தொழிலாளி ஒருவரின் பத்துமடங்குக் கண்ணாடி. பெருக்கம் மிகுந்தாற் கூர்மையும் மிகும் என்பதே அவர் எண்ணம். பலரும் முதலில் இடறுமிடமும் இதுவே. பத்துமடங்கு பெருக்கியபோது விம்பத்தோடு தேய்த்த கண்ணாடியின் மணிகளும் பெருகின. மணலின் மேல் வரைந்த கோலத்தை மூக்கு முட்டப் பார்ப்பது போன்ற நிலை. மூக்கு முட்டியதும் உண்மையே. பத்துமடங்கு வில்லையின் குவியத்தூரம் 25 மில்லிமீற்றர்; அதனைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தால் முகத்துக்கு இடமேது? சாதாரணமான தேய்த்த கண்ணாடிக்கு நான்கு முதல் ஆறு மடங்கே போதுமானது. அதற்கு மேற்பட்டது விம்பத்தைக் காட்டுவதிலும் கண்ணாடியைக் காட்டுவதிலேயே முனைகிறது.

அடுத்து வந்தது அச்சகமொன்றின் மடிப்புக் கண்ணாடி. நெசவாளர் இழையெண்ணவும் அச்சகத்தார் புள்ளிகளைச் சோதிக்கவும் கையாளும் இது மலிவானது, சட்டைப்பையில் அடங்குவது, பெருக்கமும் ஏற்ற அளவினது. எனினும் விம்பம் ஒருபோதும் முற்றாகத் தெளியவில்லை. காரணம் விளங்க ஒரு மாலை சென்றது. மடிப்புக் கண்ணாடியின் அடிச்சட்டம் தான் அமரும் தளத்தைக் காண்பதற்கென அளந்து செய்யப்பட்டது. அஃது அமர்வதோ கமெராக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில். விம்பம் வீழ்வது உட்பக்கத்தில். இடையே கிடப்பது இரண்டு மில்லிமீற்றர்த் தடிப்பு. வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்த கண்ணுக்கு அதுவும் ஒரு மதிலே. அடிச்சட்டத்தைச் சிறிது அராவியிருந்தாற் குறை நீங்கியிருக்கும். இரவற் பொருளை அராவுவது முறையன்று.

நடைபாதையில் விற்கும் வாசிப்புக் கண்ணாடிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான்கு தையொத்தர் வலுவுடையது 25 சதமமீற்றரில் விம்பம் முழுவதையும் ஒருங்கே காட்டிற்று. காட்சியை அமைப்பதற்கு அதனினும் சிறந்தது வேறில்லை. இமை மயிரைத் தேடுவதற்கு அது போதாது. இவ்விடயத்திற் கிட்டப்பார்வை உடையோர் பேறுபெற்றோர். ஆறு தையொத்தர்க் குறையுள்ளவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பதினேழு சதமமீற்றரில் தெளிவாகக் காண்பார். ஒரு சதமும் செலவில்லாத உருப்பெருக்கி அது.

கூர்மை இல்லாவிடிற் படமே இல்லையா என்று கேட்போரும் உளர். அவர்கள் சான்றாகக் காட்டும் ஜூலியா மார்கிரெட் கமரன், 1863இன் இறுதியில், நாற்பத்தெட்டாவது வயதில், முதற் கமெராவைப் பெற்றவர். அவர் எடுத்த முகங்கள் மங்கலானவை என்று அக்காலத்துப் படப்பிடிப்பாளர் இகழ்ந்தனர். விம்பம் அழகாகத் தோன்றிய இடத்தில் தாம் நின்றுவிட்டதாகவும், பிறர் வற்புறுத்தும் கூர்மை வரை வில்லையைத் திருகவில்லை என்றும் அவரே எழுதியுள்ளார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமான அவ்வம்மையாரின் படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஆனால் அவர் கண்டு நிறுத்தினார். ஆசிரியரோ காணாமல் நிறுத்தியவர். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தன்னைத்தானே ஏமாற்றுவதாகும். அதனை அவரும் விரும்பவில்லை.

விடை வீட்டு அலுமாரியிலேயே இருந்தது. மூடுதிரை இறுகிப் பயனற்றுப்போன பழைய சிறிய கமெரா ஒன்று, 50 மில்லிமீற்றர் வில்லையுடன். இருநூற்றைம்பதை ஐம்பதால் வகுத்தால் ஐந்து. வேண்டிய பெருக்கமும் அதுவே. பல கண்ணாடிகளைச் சேர்த்து நிறவழு நீக்கிச் செய்யப்பட்ட வில்லையாதலின் விளிம்புவரை விம்பம் தெளிவாயிருக்கும். திருகுமரையுள்ள அவ்வில்லை பொருந்தும் விளிம்பிலிருந்து படச்சுருளின் தளம் 45 மில்லிமீற்றர் சொச்சம். எனவே பின்பக்கம் கண்ணாடியை நோக்க, முன்பக்கம் கண்ணை நோக்க, இடையே அவ்வளவு நீளமான குழாயொன்று இருந்தாற் போதும். கடதாசி மட்டையிற் குழாய் சுற்றி, வெளியொளி புகாதவாறு உட்புறம் கறுப்புப் பூசி, வேண்டுமென்றே 42 மில்லிமீற்றருக்கு வெட்டினார். எஞ்சிய திருத்தத்தை வில்லையின் வளையமே செய்தது. கண்ணாடியின் உட்பக்கத்திற் பென்சிலால் ஒரு சிறு கோடிட்டு, அக்கோடு தெளியும்வரை வளையத்தைத் திருப்பி, அவ்விடத்தில் ஒட்டுநாடாவால் இறுக்கினார்.

குறைகள் இல்லாமலில்லை. கையிற் பிடிக்கப் பாரமானது. நழுவினாற் கமெராக் கண்ணாடி உடையும். அதற்காக ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சட்டத்தின் மூலைகளிற் குழாய் இடிக்கும். அங்கே ஒளி சரிந்து வருவதால் நிமிர்ந்து நிற்கும் குழாய்க்குள் இருளே தெரியும். கட்டடங்களைப் படம்பிடிப்போருக்கு, சரித்துப் பிடிக்கத்தக்க, குழாயற்ற கைவில்லையே உகந்தது. ஒரு முகத்தை நடுவில் வைத்துப் பார்ப்பவருக்கு மூலைகளைப் பற்றிய கவலையில்லை.

பெரியம்மா மீண்டும் விறாந்தைக்கு வரச் சம்மதிக்க மூன்று கிழமை சென்றது. கருந்துணிக்குள் ஐந்து மடங்கிற் பெருகிய வலக்கண், தலைகீழாக, முதலிற் கலங்கலாகவும் பின்னர் இமை இமையாகவும் தெளிந்தது. திருகியை ஒரு மயிரளவு முன்னும் பின்னும் அசைத்து அவர் நிறுத்தினார்.

"தம்பி, இவ்வளவு நேரமும் துணிக்குள்ளை என்னத்தைத் தேடுறாய்?" என்று வெளியே குரல் கேட்டது.

அச்சிட்ட படத்தை மறுவாரம் கையில் வாங்கிய பெரியம்மா நெடுநேரம் பார்த்தார். கண்களின் ஓரத்துச் சுருக்கங்களும், கருமணியில் விழுந்திருந்த யன்னலின் சிறு வெளிச்சமும் தெளிவாயிருந்தன. காதருகே விரலை வைத்து, "தோடு வடிவா விழேல்லையே" என்றார்.