மீனுக்குப் போட்ட வலை

கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு காபித் தோட்டம். முதலாளி வெளியூர்க்காரர். வார இறுதியில் நண்பர்களோடு வந்து படகு விடவும் தூண்டில் போடவும் ஓடையின் குறுக்கே மண்கரை எழுப்பிக் குளம் தேக்கியிருந்தார். ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு கரை உடைந்தது. கீழே இருந்த என் கட்சிக்காரரின் மலைவாழையும் மிளகுக்கொடியும் போயின. நல்லவேளை, ஆள் சேதமில்லை.

எதிர்த்தரப்பு மழையின் மேல் பழி போடும் என்று பிராது எழுதும்போதே தெரியும். 'தெய்வச் செயல்' என்று எதிர்வாதுரை வந்தது. துணைக்கு 1876-ஆம் ஆண்டின் நிக்கோல்ஸ் எதிர் மார்ஸ்லாண்ட் தீர்ப்பு. இங்கிலாந்தின் செஷயரில் ஒரு பண்ணையில் அழகுக்காகத் தேக்கிய குளங்கள் பெருமழையில் உடைந்து 4 பாலங்களை அடித்துப்போயின. குளத்துக்காரர் பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். அடுத்து, 1874-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த கார்வேட்டிநகரம் ஜமீன் வழக்கு. ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் போனதற்கு ஜமீன்தார் நஷ்டஈடு தரவேண்டியதில்லை என்ற தீர்ப்பு அது.

ஜமீன் வழக்குக்கு நான் அஞ்சவில்லை. அந்த ஏரிகள் குடியானவர்களின் பாசனத்துக்கு. பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. படகு விடும் கடமையைப் பிரதிவாதிக்கு யார் கொடுத்தது? செஷயருக்குப் பதிலாக 1917-இன் கிரீனாக் வழக்கை வைத்தேன். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் காலாட்டி விளையாட ஓடையில் நகர நிர்வாகம் கட்டிய குளம், பெருமழையில் பொங்கிய விவகாரம். பிரபுக்கள் சபை அங்கே தெய்வச் செயலை ஏற்கவில்லை.

சார்பு நீதிமன்றத்தில் இந்தத் தீர்ப்புகளைவிடச் சாட்சியம்தான் எடுபடும். இடத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த கமிஷனரின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: கலிங்கு வாயில் கம்பி வலை, அதில் சருகு அடைப்பு. மண்கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் வெளிச்சரிவு அரித்துக்கொண்டே வரும். கல்லணை மாதிரி தாங்காது. மிகை நீர் போகக் கலிங்கு ஒன்றுதான் வழி. எனக்கு ஜான்ஸ்டவுன் நினைவு வந்தது. பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகத்துக்குச் சொந்தமான சவுத் ஃபோர்க் மண்ணணை 1889 மே 31 அன்று உடைந்து 2,209 பேர் மாண்டார்கள். அங்கேயும் மீன் தப்பாமலிருக்க வலை. கழகத்தின் மேல் போட்ட வழக்கு ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

தோட்டத்து மேனேஜர் கூண்டேறினார்.

"மீன்குஞ்சு எப்ப விட்டீங்க?"

"சித்திரையில சார்."

"வலை?"

"அப்பவே கட்டினதுதான்."

"மழைக்கு முன்னால எடுத்தீங்களா?"

"எடுத்தா மீனெல்லாம் போயிடுமே சார்!"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். பதில் அதற்குள் பதிவாகிவிட்டது.

கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. தொகையில்தான் எனக்கு மனக்குறை. வாழைக்கும் மிளகுக்கும் தோட்டக்கலைத் துறைக் கணக்குப்படி கிடைத்தது. அடித்துப்போன மேல்மண்ணுக்கு மதிப்பீடே இல்லையென்று ஒரு பைசா தரவில்லை. "வாழைய அடுத்த வருஷம் வச்சுக்கிடலாம் வக்கீலய்யா, மண்ண எங்க வாங்குறது?" என்றார் கட்சிக்காரர். அதையே கேட்டு மேல்முறையீடு செய்தோம்.

விசாரணைக்கு வருமுன் பிரதிவாதி சமரசம் பேச வந்தார். வண்டல் அடித்துத் தருவதாகச் சொன்னார். தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று கட்சிக்காரரிடம் நானே சொன்னேன். ஓடையில் மறுபடி கரை போடுவதில்லை என்ற ஷரத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. கையெழுத்தான பிறகே மேல்முறையீட்டை வாபஸ் வாங்கினோம்.