சாந்திநிகேதனத்தில் ஒரு சீனச் சித்திரகாரர்

போல்பூர் ஸ்டேஷனில் இறங்கி, செம்மண் பூமியையும் சால மரங்களையும் பார்த்துக்கொண்டே சாந்திநிகேதனத்துச் சீன பவனத்தின் முன் வந்து நின்றபோது, நம் கையில் ஒரு சித்திரத்தின் அச்சுப் பிரதி இருந்தது. மகாகவி ரவீந்திரநாத தாகூர் நோட்டுப் புத்தகத்துடன் வீற்றிருக்கும் சித்திரம் அது. அசல் இப்போது பெய்ஜிங் நகரில் இருக்கிறது. அதை எழுதியவர் சூ பெய்ஹோங் என்ற சீனர். எழுதிய வருஷம் 1940.

சூ பெய்ஹோங் 1895-ல் கியாங்சு மாகாணத்து யீசிங்கில் பிறந்தவர். தகப்பனாரும் சித்திரகாரரே. ஆனால் வீட்டில் கலை இருந்த அளவுக்குக் காசு இல்லை. சிறு பிராயத்திலேயே தகப்பனாருடன் ஊர் ஊராகச் சென்று, படம் எழுதிக் கொடுத்து ஜீவிக்க வேண்டியிருந்தது. கூலிக்கு முகம் எழுதுகிறவனுக்குத் தினந்தோறும் பரீட்சைதான். ஜாடை பொருந்தாவிட்டால் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடுமல்லவா?

1919-ல் அவர் பாரிஸுக்குச் சென்று, அங்குள்ள நுண்கலைப் பள்ளியில் மனித உருவத்தைக் கண்டு எழுதும் வித்தையைப் பயின்றார். 1927-ல் தாயகம் திரும்பினார். மேல்நாட்டு வித்தையைக் கற்றவர் சீனத்துத் தூரிகையைத் தூக்கி எறியவில்லை. முன்னோர் முறையில் நல்லதைக் காப்போம், குறையுள்ளதைத் திருத்துவோம், அயலார் முறையில் ஏற்கத் தக்கதை ஏற்போம் என்பதே அவர் கொள்கை.

அந்தக் கொள்கையைக் கையிலிருந்த பிரதியிலேயே காண முடிந்தது. கவியின் நெற்றியிலும் கன்னத்திலும் ஒளியும் நிழலும் மெல்லெனப் படிந்திருக்கின்றன. அது பாரிஸில் கற்றது. அங்கியின் மடிப்புகளோ சில கோடுகளில் முடிந்துவிடுகின்றன. அது சீனத்தின் பிதுரார்ஜிதம். சீனக் காகிதம் மையையும் நீர் வர்ணத்தையும் பட்டவுடனே உறிஞ்சிக்கொள்ளும். தைல வர்ணத்தில் பிழையின் மேல் மறுபடி பூசலாம். இங்கே அதற்கு வழியில்லை. ஆகையால் தூரிகையைத் தொடுமுன்பே முகத்தை முழுவதும் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

இவர் இங்கு வந்தது வெறும் உல்லாசப் பிரயாணமன்று. 1937 ஏப்ரலில் சீன பவனம் திறக்கப்பட்டது. அதே வருஷம் ஜூலையில் சீனாவின் மீது ஜப்பானியர் பெரும் யுத்தம் தொடுத்தனர். தாகூரின் அழைப்பை ஏற்று 1939-ம் வருஷக் கடைசியில் சூ பெய்ஹோங் வந்து சேர்ந்தார். சாந்திநிகேதனத்திலும் கல்கத்தாவிலும் சித்திரக் காட்சிகள் நடத்தி, கிடைத்த பணத்தை யுத்தத்தில் அல்லலுற்ற தம் ஜனங்களின் நிவாரணத்துக்கு அளித்தார். 1940 பிப்ரவரியில் மகாத்மா காந்தி இங்கே விஜயம் செய்தபோது, அவரையும் நேரில் கண்டு எழுதினார்.

ஆயினும் அவர் மகான்களின் முகங்களோடு நின்றுவிடவில்லை. வாசலை மறைத்த மலைகளை மண்வெட்டி கொண்டே அகற்ற முனைந்த கிழவர் ஒருவரின் கதை சீனாவில் பிரசித்தம். "என்னால் முடியாவிட்டால் என் பிள்ளைகள், பேரர்கள் வெட்டுவார்கள்" என்ற உறுதி அதன் சாரம். அந்தக் கதையை அவர் இந்தியாவிலேயே நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் எழுதி முடித்தார். அதில் மலையை வெட்டும் சிலருக்கு மாதிரியாக நின்றவர்கள் நம் நாட்டு மனிதர்கள்! அந்நியனிடம் அடிமைப்பட்டிருந்த தேசத்தின் தோள்கள், அந்நியன் படையெடுத்த தேசத்தின் மலையைப் பெயர்க்கின்றன. சுதந்திரம் வேண்டி நின்ற இரு தேசங்கள் இதைவிட நெருக்கமாக ஒரே காகிதத்தில் சேர்ந்து நிற்க முடியுமா?

சித்திரம் எழுதிய மறு வருஷமே, 1941 ஆகஸ்டில், தாகூர் மறைந்தார். பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்துக்கு முதல் தலைவராக இருந்த சூ பெய்ஹோங் 1953-ல் காலமானார். மாலை வெயில் சாயும்வரை அந்தப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர் ஊராகச் சென்று முகம் எழுதிய பையன், பிறர் முகத்தை உண்மையாகப் பார்க்கும் வழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய தேசபக்தியும் அதிலிருந்தே பிறந்தது என்று நமக்குத் தோன்றிற்று.