கடைசியாக அணைவது

திங்கள், இரவு

சோக் சுற்றிக் கொடுத்தால் வாங்குகிறவர் முதலில் கேட்பது, எத்தனை ஆம்பியரில் கோர் தெவிட்டும் என்பதைத்தான். ஃபெரைட்டின் தரவுத் தாளில் 0.3, 0.4 டெஸ்லா என்று இருக்கும். ஆனால் கோர் இடைவெளியில் வைத்த காகிதம் நூலளவு மாறினாலும் கணக்கு மாறிவிடும். எனவே துடிப்பு கொடுத்துப் பார்த்துவிடுவதே வழி; அதற்கொரு சோதனைப் பெட்டி கட்டுகிறேன். 100 மைக்ரோஹென்றி காயிலுக்கு 24 வோல்ட் கொடுத்தால் மைக்ரோ செகண்டுக்கு 0.24 ஆம்பியர் ஏறும். 250 மைக்ரோ செகண்டில் 60 ஆம்பியர். ஸ்கோப்பில் கோடு நேராக ஏறும்வரை கோர் சரியாக இருக்கிறது. மேல்நோக்கி வளைந்தால் தெவிட்டிவிட்டது. வளைந்த பிறகு மின்னோட்டம் ஓடும் வேகத்துக்கு டிரான்சிஸ்டரை அணைக்க நேரம் கிடைப்பது அரிது.

செவ்வாய்

பக்கத்துக் கடை அண்ணன் பழைய இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய 2என்3055 டிரான்சிஸ்டர் ஆறைத் தந்தார். "இதுல செய்யாத வேலையா?" என்றார். தாளில் ஒன்றுக்கு 15 ஆம்பியர். ஆனால் 10 ஆம்பியரில் அதன் பெருக்கம் வெறும் 5 ஆக விழலாம். அப்படியானால் 60 ஆம்பியர் இழுக்க பேஸுக்கே 12 ஆம்பியர் ஊட்ட வேண்டும். அதோடு, சூடாகிற டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்ட்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும். குறைந்தால் அதுவே இன்னும் அதிகம் இழுக்கும், இன்னும் சூடாகும். இதைத் தடுக்கத்தான் அந்தக் காலத்து ஆட்கள் ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம் போட்டார்கள். 10 ஆம்பியரில் அது ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆடியோவுக்கு. அண்ணனிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

புதன்

மாஸ்ஃபெட் என்றதும் எல்லாரும் சொல்வது, "பக்கத்துல பக்கத்துல வச்சா போதும், தானா பங்கு போட்டுக்கும்." பாதி உண்மை. முழுதாகத் திறந்திருக்கும்போது சூடாகிறதின் தடை கூடும், மின்னோட்டம் குளிர்ந்ததன் பக்கம் ஒதுங்கும். ஆனால் காயிலில் ஆபத்தான நொடி திறந்திருக்கும் நேரத்தில் இல்லை, அணையும் நேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஆட்சி செய்வது கேட் தொடங்கு வோல்ட்டேஜ். தாளில் 2 முதல் 4 வோல்ட் என்று தாராளமாக விட்டிருக்கிறார்கள். சூடானால் அது குறையும், அதாவது இங்கே வெப்பம் நம் எதிரி.

நான் எடுத்தது ஐஆர்எஃப்பி260என், மூன்று. கேட்டில் ஒரு வோல்ட் மாறினால் குறைந்தது 27 ஆம்பியர் மாறும் சாதனம். ஒன்றின் தொடங்கு வோல்ட்டேஜ் மற்றவற்றைவிட அரை வோல்ட் தாழ்ந்திருந்தால், அணையும்போது அது 13 ஆம்பியர் கூடுதலாகச் சுமக்கும். சப்பரம் தூக்குகிறவர்களில் மற்றவர்கள் தோளை எடுத்துவிட, ஒருவர் மட்டும் நிற்பதைப் போல. காயில் தன் மின்னோட்டத்தை உடனே விடாது, யார் நிற்கிறாரோ அவர் மேல் கொட்டும்.

கையிலிருந்த அத்தனையையும் ஒரே சிறு மின்னோட்டத்தில் அளந்து, நெருங்கியவை மூன்றைத் தனியே வைத்தேன். அலுப்பான வேலை.

வியாழன்

கம்பி நீளத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் கம்பிக்குத் தோராயமாக 10 நானோஹென்றி. மின்னோட்டம் ஏறும்போது அதில் விழுவது 2.4 மில்லிவோல்ட், பொருட்படுத்தத் தேவையில்லை. அதே 60 ஆம்பியர் நூறு நானோ செகண்டில் அணைந்தால், அந்த ஒரு சென்டிமீட்டரில் 6 வோல்ட் எழும்பும். சோர்ஸ் கால் கேட் சுற்றுக்கும் பொதுவாக இருந்தால் அந்த 6 வோல்ட் நேராக கேட்டின் கணக்கில் கலந்துவிடும். மல்டிமீட்டருக்கு இது தெரியவே தெரியாது. எனவே மூன்றுக்கும் சோர்ஸ் பாதையைச் சம நீளத்தில் வைத்து, கேட் டிரைவரின் திரும்பு கம்பியை ஒவ்வொரு சோர்ஸ் காலின் அடியிலிருந்தே எடுத்தேன். ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனியாக 10 ஓம். பொதுவாக ஒன்று போட்டால் மாஸ்ஃபெட்டுகள் ஒன்றோடொன்று மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஊசலாடத் தொடங்கலாம். கேரளத்து வெடிக்கட்டு பார்த்தவர்களுக்கு அதன் முடிவு பிடித்திருக்கலாம்.

சனி, பிற்பகல்

பாலிடெக்னிக் படிக்கும் தம்பி உதவிக்கு வந்தான். "சார், மூணு பத்தலைன்னா ஆறு போட்டுடலாமே?"

வோல்ட்டேஜைக் கட்டிப்போடும் கிளாம்ப் இல்லாமல் அணைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடச் சொன்னேன். காயிலில் 0.18 ஜூல். ட்ரெயின் வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போய், யாருடைய உடைவு வோல்ட்டேஜ் குறைவோ அந்த ஒன்று முதலில் உடைந்து கடத்தும். மற்றவை மூடியே இருக்கும். சூடானால் உடைவு வோல்ட்டேஜ் கொஞ்சம் உயரும் என்பதால் பிறகு சிறிது பங்கு கிடைக்கலாம், ஆனால் முதல் அடி ஒருவருக்குத்தான். தாளில் அந்த நிலைக்கு 50 ஆம்பியர்தான் எல்லை, வருவதோ 60. மூன்றும் சேர்ந்து 150 என்று கூட்டிப் பார்ப்பது அங்கே எதற்கும் உதவாது. ஆறு போட்டாலும் அப்படியே. பையன் சிறிது நேரம் பேசவில்லை.

வெறும் டயோடு போட்டால் காயிலில் ஒரு வோல்ட்தான் எதிர்ப்பு. கம்பித் தடையை விட்டால் மின்னோட்டம் வடிய 6 மில்லி செகண்டு ஆகும். காயில் குறுக்கே டயோடோடு தொடராக 100 வோல்ட் கிளாம்ப் வைத்தால் 60 மைக்ரோ செகண்டு. ட்ரெயின் 124 வோல்ட்டில் நிற்கும், 200 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்குப் போதுமான இடம். ஆற்றல் முழுவதும் கிளாம்பில் எரியட்டும். அதற்கென்றே வாங்கியது.

ஞாயிறு

60 ஆம்பியர் வரை ஏற்றிப் பார்த்தேன். மூன்று சோர்ஸிலும் அலை ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று படிந்தது. காயிலின் வளைவு 52-ல் தொடங்குகிறது. காகிதத்தை இன்னொரு மடிப்பு கூட்ட வேண்டும்.

வெல்டிங் மெஷினிலிருந்து கழற்றிய ஐஜிபிடி மாட்யூல் ஒன்று கிடைக்கும் என்று அண்ணன் சொல்கிறார். அதற்குள்ளும் பல சில்லுகள் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். பொருத்தம் பார்த்துச் சம தூரத்தில் கம்பி கட்டுவதைத் தொழிற்சாலையே செய்திருக்கும். விலை ஒத்துவந்தால் அடுத்த பெட்டியில் அதைப் போடலாம்.