முள் எண்ணிய விரல்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழங்கான் என்று நினைத்து ஒரு கூறு மீன் வாங்கி வந்தேன். அப்பாவுக்குப் பிடித்த மீன். கிளாக்கோமாவில் இரண்டு கண்களிலும் பார்வை போனபிறகு, அவர் வாசற்படி தாண்டியே 8 மாதம் ஆகியிருந்தது. வாய்க்காவது ருசியாக இருக்கட்டுமே என்றுதான் வாங்கினேன்.

அப்பா ஒரு மீனை எடுத்து முதுகில் விரலை ஓட்டினார்.

"ஏமாந்துட்டியேம்மா. இது மடவைக் குஞ்சு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். மடவைக்குத் தலை தட்டை, மூக்கு மழுங்கல். முதுகின் முதல் துடுப்பில் 4 முள்தான். கிழங்கானுக்கோ மூக்கு கூர்மை. உடம்பு பனங்கிழங்கு மாதிரி உருண்டு, வால் பக்கம் சிறுத்துப் போகும். முதல் துடுப்பில் 11 முள். அதை ஒட்டியே இரண்டாவது துடுப்பு நீளமாக ஓடும்.

"அடுத்த ஞாயிறு கடலுக்குக் கூட்டிட்டுப் போ. பிடிச்சே காட்டுறேன்."

வெளியே போகணும் என்று இத்தனை மாதத்தில் அவராகக் கேட்டது அதுதான் முதல்முறை.

விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். அலைச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "அலை உடையுற இடத்துக்கும் கரைக்கும் நடுவுல பள்ளம் இருக்கும். அங்க போடு" என்றார். அலை மணலைப் புரட்டும்போது புழுவும் சின்ன இறாலும் வெளியே வரும். அதைத் தின்னத்தான் கிழங்கான் அவ்வளவு கிட்டே வருகிறது. வாய் சிறியது என்பதால் சிறிய முள், நகம் அளவு இறால் துண்டு போதும். இரை தரையில் கிடக்க ஒரு ஈயக்குண்டு.

நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். லேசாகத் தட்டியதுமே நான் வெடுக்கென்று இழுத்தேன். மூன்று முறையும் இரைதான் போனது.

"தட்டுறப்ப இழுக்காதே. அது இழுக்கட்டும், அப்புறம் நீ இழு."

நரம்பை அவர் கையில் கொடுத்தேன். சற்று நேரத்தில் வெள்ளியாய்த் துள்ளியது ஒன்று. அப்பா அதன் முதுகைத் தடவி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். 11 வந்ததும் சிரித்தார். நான் மீனைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து மாட்டியது என் நடுவிரல் நீளம்கூட இல்லை. நான் முள்ளைக் கழற்றிக் கொடுக்க, அவரே குனிந்து தண்ணீரில் விட்டார். "வலை வந்தா மணலுக்குள்ள புதைஞ்சு தப்பிச்சுக்கிற மீனும்மா இது. பிழைச்சுக்கும்."

மொத்தம் 6 மீன். குழம்புக்குக் காணாது என்று அம்மா வறுத்துவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா கேட்டார்:

"அடுத்த வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"